மீரான் மாமு சொல்லிவிட்டுப் போன வியாழக்கிழமை

மாசி 9, திங்கள்

பனி. கல்பாலத்தில் எதிரே வந்த மாட்டுவண்டி தெரியவில்லை, சலங்கைச் சத்தம் மட்டும். விளக்குத்தூண் வளையல் கடையைத் திறக்க அரை மணி தாமதம்.

மத்தியானம் கோரிப்பாளையம் போய் மீரான் மாமுவின் அறையைக் காலி செய்தேன். என் அம்மாவுடன் பிறந்தவர். மவுத்தாகி இன்றோடு ஒன்பது நாள். விடியலில் சுபுஹு தொழுதார், பாயில் சாய்ந்தார், அவ்வளவுதான். ஒருத்தருக்கும் ஒரு நாள் வேலை வைக்கவில்லை.

அறையில் இருந்தவை:
பித்தளைச் செம்பு 1
மண்சட்டி 2, கரண்டி 1 (தானே சமையல்)
பாய் 1. தலையணை கிடையாது
கைலி 3, சட்டை 2
செருப்பு 1 ஜோடி. அடித்தோல் மாற்றி ஒரு மாதம்கூட ஆகியிராது
வளையல் மூட்டை 1, கட்டினபடி

பாக்குவெட்டி தேடினேன். இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது, பாக்கைப் பல்லாலேயே கடிப்பார். எண்பதுக்கு மேல் வயது. எனக்கு ஐம்பத்தொன்றிலேயே கடைவாய் ஆட்டம்.

அறை வாடகை கடைசி வரை அவர்தான். "நான் தர்றேன் மாமு" என்று ஒரு தடவை சொன்னேன். "அப்ப நீ வந்து இங்க படு. நான் வேற எடம் பாத்துக்கிறேன்" என்றார்.

ஜெய்னம்பு (என் சம்சாரம். இனி ஜெ. என்றே எழுதுகிறேன், உலகச் சண்டைக் காலத்தில் மை விலை ஏறிக் கிடக்கிறது) செருப்பைப் பார்த்து அழுதாள். அழுதுகொண்டே என் காலோடு வைத்து அளந்தாள். "உங்களுக்குச் சேராது. அவுக கால் பெரிசு."

மாசி 10, செவ்வாய்

வெயில். வியாபாரம் மந்தம். துக்கம் கேட்க வந்தவர்கள்தான் கூட்டம். ஆனால் அழுகிறவன் ஒருத்தனும் இல்லை, வந்தவன் எல்லாம் சிரித்துவிட்டுப் போகிறான்.

வயசு விவகாரம் இன்னும் தீரவில்லை. பள்ளிவாசல் மோதினார் தொண்ணூறு என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் எழுபத்தஞ்சு. மாமு சொன்ன கணக்கு, தாது வருஷப் பஞ்சத்தில் முதல் தடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலூர்ப் பக்கம் போனாராம், அப்போது மீசை அரும்பவில்லையாம். "சனம் கஞ்சிக்கே இல்லாம கெடந்தப்ப யாரு மாமு வளையல் வாங்குனா?" என்று கேட்டிருக்கிறேன். "யாரும் வாங்கல. சும்மாதான் போய்ட்டு வந்தேன். பழக்கம் விட்டுப் போயிரும்ல" என்றார்.

பஸ் கதையை இன்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். நடந்தது இது. போன வருஷம் என் தொல்லை தாங்காமல் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினார். ஒத்தக்கடை தாண்டியதும் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளச் சொன்னான் கண்டக்டர். "ஏறுனதுக்குக் காசு வாங்கின. தள்ளுறதுக்கு நீ எனக்கு எம்புட்டுத் தருவ?" என்று கேட்டுவிட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார். மேலூரில் சாயங்கால அஸர் தொழுதுவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த பஸ் வந்து சேர்ந்ததாம். கண்டக்டருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

கடையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கவும் பார்த்தேன். ஒரே ஒரு நாள் உட்கார்ந்தார். வந்த பெண்களிடம், "இது வேணாம்த்தா, ரெண்டு தண்ணி பட்டா மினுக்கு போயிரும். அதுவும் வேணாம், வெலை சாஸ்தி." சாயங்காலம் நானே கையைப் பிடித்து, "மாமு, நீங்க நடந்தே போங்க" என்றேன். "அதத்தான நானும் சொல்றேன்" என்றார்.

மாசி 12, வியாழன்

கடைக்கு எதிரே காலையிலிருந்து ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயசிருக்கும். முட்டி வரை புழுதி. பத்து மணிக்கு நானே போய்க் கேட்டேன்.

"வளவிக்காரய்யா இந்தக் கடைக்குத்தான் வருவாகன்னு சொன்னாக."

"எந்த வளையல்காரர்?"

"ஒசந்த ஆளு. காது பெரிசு. வைவாரு."

வேறு யார். விஷயத்தைச் சொன்னேன். அப்படியே தெருவில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. கடை வேட்டியில் மண்.

பெயர் வீரணன். மேலூரைத் தாண்டி ஆலங்கரைப்பட்டி. பண்ணை வேலை. மகள் செல்லாயிக்கு இது ஒன்பதாம் மாசம். "முன்னால ரெண்டு தங்கலய்யா. ஒண்ணு அஞ்சாம் மாசம், ஒண்ணு ஆறாம் மாசம். வளைகாப்பு வரைக்கும் வந்ததே இல்ல. இதுதான் வந்துருக்கு." அடுத்த வியாழக்கிழமை வளைகாப்பு. வந்து போடுகிறேன் என்று மாமு போன மாசம் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வேறு வளையல்காரன் கிடைக்க மாட்டானா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்க தெருவுக்குள்ள வந்து, பொம்பளப்புள்ள கையப் புடிச்சு வளவி போடுறவரு அவரு ஒருத்தருதான். மத்தவுக ஊருக்கு வெளிய துண்ட விரிச்சு வளவிய வச்சுட்டுத் தள்ளி நிப்பாக. நாங்க காச வச்சுட்டு எடுத்துக்கிறணும். வளைகாப்புக்கு அப்பிடிச் செய்யலாமாய்யா? அவ ஆத்தா மாட்டேங்கிறா. புள்ள ராவும் பகலும் அவரு வருவாரு வருவாருன்னே உக்காந்துருக்கு. வரலேன்னா இதுவும் தங்காதுன்னு அதுக்கு ஒரு நெனப்பு விழுந்துருச்சு."

பிறகு கேட்டார், "இப்ப யாருய்யா வாராக?"

"ஏற்பாடு பண்றேன்" என்றேன். வியாபாரி வார்த்தை. ஆனால் அவர் அதை நம்பிவிட்டார். மடியிலிருந்து மகளின் பழைய வளையல் ஒன்றை எடுத்து அளவுக்குக் கொடுத்துவிட்டு நடந்தார்.

மாசி 13, வெள்ளி

ஜும்மா முடிந்து குத்தூஸைப் பிடித்தேன். என் கடையில் சரக்கு எடுத்து மேலூர்ப் பக்கம் சுற்றுகிறவன்.

"அண்ணே, வேற என்ன வேணாலும் சொல்லுங்க. மேலத் தெருவுல முப்பது வீடு வாடிக்கை எனக்கு. சேரிக்குள்ள போய்ட்டு வந்த கைன்னு தெரிஞ்சா தண்ணிகூடத் தர மாட்டாக."

"உனக்கு மார்க்கத்துல அப்பிடி இருக்காடா?"

"மார்க்கத்துல இல்லண்ணே. மேலத் தெருவுல இருக்கு. ஏன், நீங்க போங்களேன்."

நான் ஏன் போகவில்லை? இங்கே யார் பார்க்கப் போகிறார்கள், எழுதிவிடுகிறேன். மேலூர்க் கடைக்காரர் என்னிடம் மொத்தமாகச் சரக்கு எடுக்கிறார். அவருக்கு வியாபாரமே மேலத் தெருக்கள்தான். அது ஒன்று. பெண்கள் கைக்கு வளையல் போட்டு இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. கடையில் அவர்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இது இரண்டு.

மாமுவுக்கும் இதே வில்லங்கம் வந்ததுதான். முதலில் சேரி, அப்புறம் மேலத் தெரு என்று போவார். "எங்க தெருவ முடிச்சுட்டு அங்க போம்" என்றார்களாம் மேலத் தெருக்காரர்கள். "காலைல எனக்கு அந்தப் பக்கம்தான் நெழலு" என்று சொல்லிவிட்டு மேலத் தெருவையே விட்டுவிட்டார். இரண்டு வருஷம். மூன்றாம் வருஷம் தீபாவளிக்கு முன்னால் மேலத் தெருப் பெண்களே ஆள்விட்டுக் கூப்பிட்டார்களாம், மற்றவன் போட்டால் கை சிராய்க்கிறது என்று. போனார். சேரிக்குப் போய்விட்டுத்தான் போனார்.

அவருக்கு என்ன, ஒற்றை ஆள், என்று நான் அப்போது சொன்னேன். வாடகை, சோறு, செருப்புத் தோல் எல்லாம் அவரும்தான் சம்பாதித்தாக வேண்டியிருந்தது. அதை ஏன் அப்போது நினைக்கவில்லை?

மாசி 14, சனி

ஜெ.யிடம் சொன்னேன். "நீங்க போறீக. அம்புட்டுத்தான்" என்றாள். "கைய நீட்டவா? பழகிக்கிறீகளா?"

கதவைச் சாத்திக்கொண்டு பழகினோம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், அவள் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. முதல் வளையல் உடைந்தது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது விரல் கணுவில் நின்றுவிட்டது.

"வளையல் போடுறீகளா, கோழிய அறுக்குறீகளா?"

"கைய விறைப்பா வச்சா எப்பிடிப் போகும்?"

"மாமு போட்டா வலிக்காது. பேசிக்கிட்டே போட்டுருவாக. கல்யாணத்துக்கு எனக்கு அவுகதான் போட்டாக. உங்களப் பத்தி ஏதோ சொன்னாக, நான் சிரிச்சேன், முடிஞ்சு போச்சு."

"என்ன சொன்னாரு?"

சொல்ல மாட்டேன் என்கிறாள். இருபத்தாறு வருஷமாகச் சொல்லாததை இப்போதா சொல்லப் போகிறாள்.

எட்டு உடைந்தது. கடைசி நாலு போயிற்று. கட்டைவிரலை உள்ளே மடக்கி, புறங்கையை அமுக்கிக் கூட்டி, வளையலைத் தள்ளாமல் உருட்ட வேண்டும். கை மறக்கவில்லை, கொஞ்சம் தூங்கிவிட்டது.

மாசி 17, செவ்வாய்

வளைகாப்புக்குப் பச்சையும் சிவப்பும் வேண்டும். ஜப்பான் சரக்கு நின்று இரண்டு வருஷம். வடநாட்டுச் சரக்கு பாதி நொறுங்கி வருகிறது. பழைய பெட்டியில் தேடி நல்லதாக மூன்று டஜன் எடுத்தேன். வீரணன் கொடுத்த அளவோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். கச்சிதம். தட்டிப் பார்த்தேன், ஒன்றிலும் கீறல் இல்லை. இருபத்து மூன்று வருஷக் கடைக்காரன் எடுத்த சரக்கு, சோடை போகாது.

மாசி 19, வியாழன்

விரலில் கட்டு. எழுத்து கோணல். ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

முதல் பஸ். மேலூரிலிருந்து நடை. நாலு இடத்தில் உட்கார்ந்தேன். மாமு உட்கார்ந்த இடங்களாக இருக்காது.

வீரணன் வீட்டு வாசலில் ஓலைப் பந்தல். நாற்பது பெண்கள். செல்லாயி சின்னப் பெண், பத்தொன்பது இருக்கும். மஞ்சள் பூசிப் பூ வைத்து உட்கார வைத்திருந்தார்கள். வேப்பிலைக் காப்பு போட்டாயிற்று. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். தாயார் மூக்கம்மா அமுக்கி உட்கார வைத்தாள்.

கையைப் பிடித்தேன். கை உப்பியிருந்தது. ஒன்பதாம் மாசத்துக் கை! வீரணன் கொடுத்தது கல்யாணத்தின்போது போட்ட வளையல். அதை வைத்து அளவெடுத்திருக்கிறேன் நான். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு அளவு கூட வேண்டும் என்பது மூட்டை தூக்குகிற எவனுக்கும் தெரியும். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து மறந்து போனேன்.

சொல்லாமல் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். அமுக்கினேன். சடக். உடைந்தது.

செல்லாயி கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. மூக்கம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் விரலில் ரத்தம்.

"யாத்தா, என் தப்பு" என்றேன். "அளவு தப்பு. வளவி மேல குத்தமில்ல, உம்மேலயும் குத்தமில்ல. பழைய வளவிய வச்சு அளவெடுத்த மடையன் நான்தான்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு தடித்த அம்மாள் முன்னால் வந்தாள். "எதுக்குடி அழுகுற? என் வளைகாப்புல அந்த அய்யா போட்டே ரெண்டு ஒடஞ்சுச்சு. பெறந்தவன் அந்தா நிக்கிறான் பாரு, எரும மாதிரி." பந்தக்காலைப் பிடித்து நின்றிருந்த ஆள் வெட்கத்தில் நெளிந்தான். மீசையெல்லாம் இருந்தது.

"அவரு அப்ப என்ன செஞ்சாரு?" என்று கேட்டேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிணற்றுத் தண்ணீரில் கையை முக்கச் சொல்வாராம். அப்புறம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு உட்காரச் சொல்வாராம், வீக்கம் வடிகிற வரைக்கும். அப்புறம் விளக்கெண்ணெய்.

குடம் வந்தது. செல்லாயி கையை முக்கினாள். பிறகு தூக்கினாள். அரை மணி நேரம். கை ஓய்ந்ததும் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைத் தாங்கிப் பிடித்தார்கள். "போலீசு புடிச்ச மாதிரி இருக்காடி" என்றாள் ஒருத்தி. செல்லாயி அழுகையோடு சிரித்தாள். அந்த அரை மணியும் மாமு கதைதான்.

கிணற்றுக் கதை எனக்குத் தெரியாது. எழுபது வயசில் அந்தக் கிணற்றுப் பக்கம் போனாராம். தொபுக்கடீர் என்று சத்தம். பிள்ளை விழுந்துவிட்டது என்று மூட்டையைப் போட்டுவிட்டுக் குதித்தாராம். முங்கித் தேடி மேலே வந்தால் கையில் பூசணிக்காய். எவளோ கழுவும்போது நழுவ விட்டது. "எடுத்துக் குடுத்த கூலிக்குப் பாதி அறுத்துக் குடு" என்று வாங்கிக்கொண்டு போனாராம். எத்தனையோ வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது காய் ஏதாவது கொண்டுவருவார். சும்மா சாப்பிட மாட்டார். அதில் அந்தப் பூசணியும் ஒன்றாக இருந்திருக்கும். நாங்கள் சாப்பிட்டிருப்போம்.

இரண்டாம் தடவை. எண்ணெய். கட்டைவிரலை மடக்கினேன்.

"அய்யா மொதல்ல எடக்கையத்தான் புடிப்பாரு."

இடக்கை.

"அய்யா குனிய மாட்டாரு. நிமுந்து எங்கிட்டோ பாத்துக்கிட்டுப் போடுவாரு."

நிமிர்ந்தேன்.

"அய்யா சும்மா போட மாட்டாரு. பேசணும்."

"என்ன பேசணும்?"

"கையை எனக்குக் குடுத்துரு, நெனப்ப எங்கிட்டாச்சும் அனுப்பிரும்பாரு" என்று செல்லாயியே சொன்னாள்.

"அப்ப அனுப்பிரு" என்றேன்.

"எங்க அனுப்ப?"

"மதுரைக்கு அனுப்பு. எஞ்சம்சாரம் கையப் பாரு. உனக்குப் போடுறதுக்காக எட்டு வளவி அவ கையில ஒடச்சுட்டு வந்துருக்கேன். எட்டு! ஒண்ணொண்ணுக்கும் வசவு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் அவளும் குலுங்கினாள். கை மெழுகாக இளகியது. முதல் வளையல் போயிற்று. நானே எதிர்பார்க்கவில்லை. "ஒண்ணு" என்று நாற்பது பேரும் சொன்னார்கள். இரண்டு. மூன்று. பதினொன்றில் மூச்சு வாங்கினேன். வலக்கை. இருபத்தொன்று என்று சொன்னபோது வீரணன் பந்தலுக்கு வெளியே நின்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூக்கம்மா வெற்றிலையும் ஒரு படி கம்பும் தந்தாள். வேண்டாம் என்று வாய் வரை வந்தது. மாமு வாங்கியிருப்பார். வாங்கிக்கொண்டேன். மிச்சம் பதினாலு வளையல். மற்ற பெண்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக்கூட வரவில்லை. "இது என்ன மூட்டை, ரெண்டு கைப்புடி" என்று திட்டு.

திரும்பும்போது மேலத் தெருவில் ஒரு அம்மாள், "வளவி இருக்கா ராவுத்தரே?"

"சேரிலயே தீந்து போச்சு தாயி" என்றேன். சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன், அது வேறு விஷயம்.

மாசி 20, வெள்ளி

கால் வலி. ஜெ. சுடுதண்ணீர் ஊற்றினாள். பூசணிக்காய்க் கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மேலூர்க் கடைக்காரர் சரக்கு எடுக்க வந்தார். வெற்றிலை போட்டார். ஊரெல்லாம் பேசினார். கடைசியில், "அண்ணே, ஆலங்கரைப்பட்டிக்குப் போனீகளாம்ல. அந்தப் பக்கம்."

"போனேன். கையப் புடிச்சுப் போட்டேன். உங்களுக்கு எத்தன டஜன்?"

கொஞ்ச நேரம் பெட்டிகளைப் பார்த்தார். இந்தச் சண்டைக் காலத்தில் மதுரையில் என்னை விட்டால் உடையாத கண்ணாடி யாரிடமும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எப்பவும் போல" என்றார்.

குத்தூஸிடம் சொன்னேன். போகும்போது, "எத்தன ஒடஞ்சுச்சுண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

பங்குனி 7, திங்கள்

புழுக்கம். பெட்டி பிரித்தது 2. நொறுங்கல் அதிகம்.

பதினோரு மணிக்கு வீரணன். நடந்தே வந்திருக்கிறார். முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. மலாரத்தை, நூலில் கோத்த வளையல் சரத்தை, கீழே வைத்துவிட்டேன்.

"பொட்டப்புள்ளய்யா. நேத்து விடியக்காலம். ரெண்டு பேரும் சொகம். கத்துற கத்துல தெருவே முழிச்சுருச்சு."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கடைப் படியில் உட்கார வைத்தேன். ஜெ.க்கு ஆள் விட்டேன். மோர் வந்தது, கூடவே அவளும் வந்துவிட்டாள்.

குடித்து முடித்துவிட்டு, "கண்ணு படாம கைக்குக் கருப்பு வளவி வேணுமாம். அவ ஆத்தா வாங்கியாரச் சொன்னா" என்றார்.

பெட்டி பெட்டியாகத் தேடினேன். பச்சைக்குழந்தை அளவு ஒன்றுகூட இல்லை. இதுவரை வாங்கி வைத்ததே இல்லை, லாபம் கிடையாது என்று.

"அளவு கொண்டாந்தீகளா?"

"அதுக்கு ஏதுய்யா பழைய வளவி?" என்று தன் கட்டைவிரலை நீட்டினார். "இம்புட்டுத்தான் இருக்கு."

நூல் எடுத்து அந்த விரலைச் சுற்றி அளந்தேன். முடிச்சுப் போட்டேன்.

"எப்பய்யா வருவீக?"

"வியாழக்கிழமை வாரேன்."

"அதுக்குள்ள கை பெருத்துருமே."

"பெருக்கட்டும். ஒரு அளவு கூடவே கொண்டாறேன்."